அத்தான் எழுதிய உத்தரவு

என் அக்காவின் கணவர் வக்கீலாக இருந்தபோது, தோற்ற வழக்கையும் ஜெயித்த களையோடுதான் வீட்டுக்குக் கொண்டுவருவார். தன் வாதம் எடுபட்டதா என்பதுதான் அத்தானுக்கு முக்கியம். கட்சிக்காரர் கதி என்ன ஆயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓர் அமைச்சருக்காக அவர் நடத்திய வழக்கு அவர் தலையெழுத்தையே மாற்றியது. அந்த வாய்ச்சாலகம் அமைச்சருக்குப் பிடித்துப்போக, கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுத் தனிச் செயலாளராகப் போய் உட்கார்ந்தார். அரசு வீடு, வாசலில் கார். "இந்த வேலையாவது நிலைக்கட்டும்" என்று அக்கா என்னிடம் புலம்பாத நாளில்லை.

ஆபத்து அவர் வாயாலேயே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கடைகளை அகற்றும்படி ஓர் உத்தரவு. எழுதியது அத்தான்தான், ஊசி நுழைய இடம் வைக்கவில்லை. கடைக்காரர்கள் அமைச்சரைப் பார்க்க வந்தார்கள். நயமாகப் பேசி அவர்களைத் திருப்பி அனுப்புவது அத்தான் பொறுப்பு.

டீக்கடை அம்மா பேச எழுந்து, இரண்டு வார்த்தையிலேயே அழுதுவிட்டாள். பழக்கடைக்காரர் அமைச்சரைப் புகழ ஆரம்பித்து, வந்த விஷயத்தையே மறந்துபோனார். அத்தானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நல்ல வழக்கு ஒன்று கண்ணெதிரே வீணாவதை எந்த வக்கீல் பொறுப்பார்?

"நீங்க உக்காருங்கம்மா, நான் சொல்றேன்" என்று மேசையைச் சுற்றி அவர்கள் பக்கம் போய் நின்றுவிட்டார். நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் வெந்நீருக்கு எங்கே ஓடுவார்கள், கடைகள் போனால் அந்த இருட்டுத் தெருவில் பெண்கள் எப்படி நடப்பார்கள் என்று தன் உத்தரவைத் தானே கிழி கிழி என்று கிழித்தார். அமைச்சர் உத்தரவை அங்கேயே ரத்து செய்தார். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அத்தானைப் பார்த்தார்.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும், ஐயா."

"அப்ப ஏன் சொல்லலை?"

"அப்ப நான் உங்க பக்கம் இருந்தேனே, ஐயா."

"என் பக்கம் இருக்கிறவர்தான்யா முதல்ல சொல்லணும்! கோர்ட்ல தப்பாப் போனா அப்பீல் இருக்கு. நான் தப்பாக் கையெழுத்துப் போட்டா அந்தம்மா எங்க போவாங்க?"

அதைக் கேட்டுக் கூசிப்போய்விட்டதாக அவரே எங்களிடம் சொன்னார்.

அன்று அவர் முகத்தைப் பார்த்ததுமே அக்கா வாசலிலேயே மறித்துக் கேட்டாள்.

"வேலை இருக்கா, போயிடுச்சா?"

"இருக்கு" என்றார். "இன்னிக்குத்தான் சேர்ந்திருக்கேன்."