கழுத்துப் பிடி

கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு முடிவெட்டும் அண்ணனுக்கு ஊதினால் பறந்துவிடும் உடம்பு. ஆனால் உலகத்தில் எந்தச் சண்டை வீரனும் அவருக்குத் தேறமாட்டான். அமெரிக்காவின் கூண்டுச் சண்டை இங்கே ஞாயிறு காலையில் நேரலையாக வந்து தொலைக்கிறது. சலூனில் கூட்டம் அலைமோதுவதும் அப்போதுதான்.

அப்படி ஒரு ஞாயிறு, மாடம்பாக்கத்தில் நான் போகவேண்டிய ஒரு கல்யாணம். என் ஒரு கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அதில் கழுத்து நெரிபட்ட ஒருவன், தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளியின் கையைத் தட்டினான்.

"தட்டிட்டான் பாரு சார், சோப்ளாங்கி! உசுரே போனாலும் தட்டலாமா?"

"கழுத்தை நெரிச்சா வேற என்னங்க பண்ணுவான்? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, முடிச்சு விடுங்க!" என்று கத்தினேன்.

"பல்லக் கடிச்சிகினு தாங்கணும் சார். இரு, காட்றேன்."

பின்னாலிருந்து என் கழுத்தை முழங்கைக்குள் வளைத்து இறுக்கினார். மூச்சு முட்டியது. நாற்காலியின் கையைத் தட்டினேன். உடனே விட்டுவிட்டார்.

"தாங்கணும்னு சொன்னீங்க?"

"அது அவனுக்கு. தட்டிட்டா நாம வுட்டுடணும் சார்."

முகூர்த்தம் போயே போய்விட்டது. அவர் கருத்துகள் அத்தனையும் பேத்தல்தான். ஆனால் வீட்டிலும் ஆபீஸிலும் 'போதும், முடியவில்லை' என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த நொடியே விட்டவர் இந்த ஆள் ஒருவர்தான்.