பார்க்காமலே போட்ட கட்டைவிரல்

இந்த ஊரில் பேருந்துக்கு நிற்பவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. கைபேசியைத் தட்டி அதில்தான் வானிலை பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன், ஆனால் என் கைபேசியில் மட்டும் அநேகமாக எப்போதும் மழைதான். ரோமேனியாவின் இந்தச் சமவெளி நகரத்துக்கு வந்து ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகும் வானிலைப் பக்கத்தில் குருவிட்ட என்ற என் இலங்கை ஊரின் பெயரை நான் மாற்றவில்லை. ஒருநாள் நல்ல வெயிலில் குடையும் கையுமாக நின்றேன். என்னோடு பாண் அடுக்கும் மரியானா எட்டிப் பார்த்துவிட்டு, உன் டெலிஃபோன் பழுதாகிவிட்டது என்றாள். இது என் வீட்டு மழை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ரோமேனிய மொழியில் விளக்கினேன். அவள் முகம் வாடிப்போனது. மறுநாள் கூரை ஓட்டைக்கு ஒட்டும் கறுப்பு டேப் ஒரு சுருள் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

எங்கள் தோட்டம் குருவிட்டவுக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் கலந்தது. அதில் தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் மேல்கணக்கு லயம் எங்களுடையது. இங்கே வருவதற்கு முன் நான் குருவிட்ட பஜாரில் போன் திருத்தும் கடையில் இருந்தேன். லயத்தில் பாதிப் பேருடைய போனுக்கு நான்தான் வைத்தியர். புறப்படும்போது ‘மேல்கணக்கு சொந்தங்கள்’ என்று ஒரு குரூப்பைத் தொடங்கி, எல்லோரையும் அதில் சேர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊருக்கு ஏதாவது செய்யாவிட்டால் சோறு இறங்காது. என் கையில் இருந்ததோ இலவச வைஃபை. எங்கோ ஒருவர் பழைய டயரில் பறை செய்து வாசிக்கும் வீடியோ, சூரிய வெளிச்சத்தில் போன் சார்ஜ் செய்யும் வித்தை, தண்ணீர் வடிகட்டும் கருவி, பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்ற விளக்கம் என்று தேடித் தேடி அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் உடனே கட்டைவிரல்கள் வந்து குவியும். பாண் மாவு அப்பிய முகத்தோடு அவற்றைப் பார்த்துப் பூரித்துப்போவேன். ஒரு லயத்துக்கே அறிவூட்டுகிறோம் என்ற மிதப்பு வேறு.

அந்த மிதப்பைக் கலைத்தது வைகாசி மழை. எங்கள் இரத்தினபுரிப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தது. நிலத்தில் வெடிப்பு விட்டால், மரம் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் உடனே கிளம்ப வேண்டும் என்று படம் போட்டு விளக்கிய ஒரு வீடியோவை அனுப்பினேன். வழக்கம்போல் விரல்கள் வந்தன. அக்கா பாக்கியத்தின் விரலும் வந்தது. அவளும் அத்தானும் பிள்ளைகளும் இருப்பது லயத்தின் கடைசிக் காம்பராவில், மலைச்சரிவுக்கு நேர் கீழே. போன மழையிலேயே அவள் சமைக்கும் குசினிக்குப் பின்னால் மண் வெடித்திருந்தது. விரலைப் பார்த்தும் மனம் அடங்காமல் அவளுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, நான் அனுப்பின வீடியோவ பாத்தீங்களா?”

“பாத்தேனே தம்பி. அதான் வெரல் போட்டேனே.”

“அதுல என்ன சொன்னாங்க?”

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தாள். பிறகு, “நல்லா பாடியிருந்தாங்க” என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபத்தில் சத்தம் போட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “வீடியோ பாக்க எங்களுக்கு எங்க தம்பி டேட்டா? நீ ஆசையா அனுப்புற. வெரல் போடாட்டி ஒனக்கு மனசு நோகுமேன்னு எல்லாரும் போட்டுர்றது.”

எங்கள் ஜனத்தின் குணம் அது. வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பத் தெரியாதவர்கள், பரதேசம் போனவன் அனுப்பியதைக் கவனிக்காமல் விடுவார்களா? திறந்து பார்க்க வழியில்லாவிட்டாலும் மரியாதையைச் செலுத்திவிடுவார்கள். இத்தனை காலமும் எனக்கு வந்தது அந்த மரியாதைதான்.

“வெடிப்பு எப்பிடி இருக்கு?”

“கொஞ்சம் அகலமாத்தான் தெரியுது. ஒங்க அத்தான் சாக்க போட்டு மூடி வச்சிருக்காரு.”

எல்லோரையும் கூட்டிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றேன். “நான் சொன்னா யாரு வருவா? ‘ஹரி ஹரி’, சரி சரின்னுட்டு கதவ சாத்திக்குவாங்க” என்றாள். அதுவும் உண்மைதான். யோசித்துப் பார்த்ததில், மேல்கணக்கில் எல்லாக் கதவையும் திறக்க வைக்கிற சத்தம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முத்தையா அண்ணனின் தப்பு மேளம். அவர் பகலில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர். திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு அடிப்பவர் அவர்தான். சாவு அடி கேட்டால் அடுப்பில் இருப்பதைக்கூட இறக்கி வைத்துவிட்டு லயமே வாசலுக்கு வந்துவிடும். அவரைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

“சாவு இல்லாம சாவடி அடிக்கப்புடாது தம்பி. லயத்துக்கு ஆகாது.”

“இன்னிக்கு அடிக்காம விட்டு, நாளைக்கு நெசமாவே அடிக்க வேண்டி வந்தா என்னண்ணே செய்வீங்க?”

அவர் கதவைத் திறந்து வெளியே பார்த்த சத்தம் கேட்டது. கடைசியில், “இரு, தப்ப நெருப்புல காய்ச்சிக்கிட்டு வாறேன்” என்றார். தொலைபேசியை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மழைக்கு மேலாகத் தப்பு எழுந்தது. கதவுகள் திறந்தன. யார், யார் என்று பல குரல்கள் கேட்டன. அண்ணன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: “யாரும் சாகல. சாகாம இருக்கத்தான் அடிச்சேன். புள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு நடங்க.”

அந்தத் தடவை ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. பள்ளிக்கூடத் தரையில் படுத்து முதுகு நொந்தவர்கள் லயத்துக்குத் திரும்பி, என்னை ரோமேனியா சோதிடர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முத்தையா அண்ணனுக்கும் வசவு விழுந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. புலம்பெயர்ந்த நண்பர்களே, நீங்களும் நாள் முழுக்க ஊருக்கு வீடியோ தள்ளிவிடுகிறவர்கள்தான். உங்களுக்கு வரும் விரல்களை ஒருமுறை சந்தேகப்பட்டுப் பாருங்கள். நான் பாட்டையும் பாராளுமன்றத்தையும் நிறுத்தினேன். மழைச் செய்தி மட்டும், என் குரலில், எங்கள் பேச்சில், டேட்டா தின்னாத சிறு ஒலித்துண்டாக அனுப்பினேன். சாவடியைப் பொய்யாக அடிப்பது சரியில்லை என்று அண்ணன் பிடிவாதமாக இருந்ததால், சாவடியில் தொடங்கித் திருவிழா அடியில் முடிகிற புது அடி ஒன்றை அவரே கட்டினார். அதைக் கேட்டால் கேள்வி கேட்காமல் நடப்பது என்று பேசி முடித்தோம். ஒத்துக்கொள்ளாதவர்களை அக்கா வீடு வீடாகப் போய் ஒத்துக்கொள்ள வைத்தாள். கடைசிக் காம்பராக்காரியின் பேச்சைத் தட்ட ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கார்த்திகையில் இங்கே பனி கொட்டியபோது அங்கே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. நான் செய்தி அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை, ஒரு விரல்கூட வரவில்லை. போன் போட்டாலும் லைன் கிடைக்கவில்லை. அன்று நான் அடுக்கிய பாணெல்லாம் கோணல். மறுநாள் காலை வானிலைப் பக்கத்தில் வெயில் இருந்தது. குடையை அறையிலேயே விட்டுவிட்டுப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. டேட்டா எங்கே பிடித்தாளோ, அனுப்பியது அக்கா. அவள் வாழ்க்கையில் எடுத்த முதல் வீடியோ அது.

முதலில் மழையும் தப்பும். சாமான் மூட்டைகளோடு சனம் வரிசையாக இறங்கிப் போனது, என்னைச் சோதிடர் என்றவர்களும் அதில் இருந்தார்கள். பிறகு வெயில். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து எடுத்தது போலும். குசினிச் சுவரைக் காணோம். அடுப்புக்கு மேலே சிவப்பு மண் குவிந்து கிடந்தது, பின்னால் மலை உரிந்து நின்றது. அக்காவின் குரல் நடுங்காமல் கேட்டது: “தம்பி, ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல. இத முழுசா பாரு. பாக்காம வெரல் போடாத.”

முழுதாகப் பார்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். பக்கத்தில் இருந்த மரியானாவுக்குத் தப்பு பிடித்துவிட்டது, கல்யாணமா என்று கேட்டாள். பதில் சொல்ல நான் அங்கே இல்லை. தப்புச் சத்தம் கேட்டதும் கால்கள் தாமாக எழுந்து என்னைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுபோயிருந்தன. தலையில் பனி விழ, ஒரு மேடுகூட இல்லாத அந்தச் சமவெளியில் நின்று, நான் மலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.