பதினோராம் பத்தி

வாடகை வழக்கு நீதிமன்றம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தும் இல்லாத கணக்கு. படியேறி வந்து மூச்சு வாங்கும்போதே வழக்குக்காரர்கள் பாதி தோற்றவர்களாகத் தெரிவார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த நீதிபதிக்கும் காலையிலேயே மாலை நேரத்து அசதி வந்துவிடும். வயது ஒன்றும் அதிகமில்லை. ஆனால் "காலி செய்ய வேண்டியது" என்று எழுதி எழுதியே தோளில் கனம் ஏறிப்போயிருந்தது.

அந்த நீதிபதியின் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். அம்மா மாணவியர் விடுதியில் பாத்திரம் தேய்த்தாள். ஆண்டு முடிவில் அறையைக் காலி செய்யும் பெண்கள் விட்டுப்போகும் கதைப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவாள். அட்டை இருக்காது, சிலவற்றில் கடைசிப் பக்கங்களும் இருக்காது. அந்தக் கதைகளுக்கு மகளே முடிவு சொல்வாள். "இவ முடிவு சொன்னா ஒருத்தனும் சாக மாட்டான். எல்லாரும் சாப்பிட்டுட்டுத் தூங்கிருவாங்க" என்று அம்மா கேலி செய்வாள்.

நீதிபதியான பிறகு அந்த மாதிரி முடிவு ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. வீட்டுக்காரருக்குத் தன் வீடு உண்மையிலேயே தேவை என்றால், குடியிருப்பவர் போகத்தான் வேண்டும் என்கிறது சட்டம். முடிவை மாற்ற முடியாதவள், நடுவில் மனதைக் கொட்டினாள். தோற்றவரும் ஒரு மனிதர் என்று தீர்ப்பில் நாலு வரியாவது இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அலுவலகத்தில் அவளுக்கு 'நாவல் மேடம்' என்று பெயர். அவளுக்கும் அது தெரியும்.

வாடகை வீட்டில் மகளோடு குடியிருந்த ஒரு பள்ளி வேன் டிரைவரின் வழக்கில் அந்த நாலு வரி பெரிய பத்தியாகிவிட்டது.

வீட்டுக்காரரின் வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றி, "ரெண்டே பேரு. இன்னும் சின்ன வீடாப் பாத்துட்டுப் போறதுக்கென்ன?" என்று குடைந்தார். டிரைவர் முதலில் மழுப்பினார். விடவில்லை வக்கீல். கடைசியில் சொல்லிவிட்டார்: மனைவி ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். திரும்பி வந்தால் அவளுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான். அவள் மூக்குக்கண்ணாடி இன்னும் ஜன்னல் திட்டில் அப்படியே இருக்கிறது. வாசல் விளக்கை ராத்திரியில் அணைப்பதில்லை. அம்மா வெளியூரில் வேலை பார்க்கிறாள் என்றுதான் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லும்போது அறையில் ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மாத அவகாசம் கொடுத்து, காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு எழுதினாள். பதினோராம் பத்தியில் கண்ணாடி இருந்தது, மகளிடம் சொன்ன பொய் இருந்தது, யாருக்காகவோ இரவெல்லாம் எரியும் வாசல் விளக்கு இருந்தது. எழுதி முடித்த அன்று வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

ஒரு பத்திரிகை அந்தப் பத்தியை மட்டும் எடுத்துப் போட்டது. தலைமை நீதிபதி கூப்பிட்டுப் பாராட்டினார். புதிய நீதிபதிகளுக்கான பயிற்சிப் புத்தகத்தில் சேர்க்கப் போவதாகவும் சொன்னார். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நல்லா இருக்குடி. கடைசியில அந்த ஆளுக்கு வீட்டக் குடுத்தியா?"

"இல்லம்மா. குடுக்க முடியாது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு எழுதுன?"

மகள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு பிற்பகல், அன்றைய வழக்குகள் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது கடைசி பெஞ்சில் அந்த டிரைவர் எழுந்து நின்றார்.

"என்னங்க? உங்க வழக்குதான் முடிஞ்சிருச்சே?"

"முடிஞ்சிருச்சும்மா. வேற வீடும் பாத்துட்டேன். அதுக்கு வரல." மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்தார். "இதுக்கு வந்தேன்."

"அதுல உங்க பேரு இல்லையே."

"பேரு எதுக்கும்மா? ஸ்கூல் வேன் ஓட்டுறவன், பொண்டாட்டி கண்ணாடிய ஜன்னல்ல வச்சிருக்கிறவன்னு போட்டா எங்க தெருவுல யாருக்குத் தெரியாது? வேன்ல ஒரு பையன் இதச் சத்தமாப் படிச்சான். எம் பொண்ணு அன்னிக்குக் கூட்டாளிங்களோட பின்சீட்டுல இருந்தா. நான் வண்டி ஓட்டிட்டிருந்தேன். நிறுத்தவும் முடியல, திரும்பிப் பாக்கவும் முடியல."

சுருக்கெழுத்தர் பென்சிலைக் கீழே வைத்தார். வீட்டுக்காரரின் வக்கீல் வேறொரு வழக்குக் கட்டுக்காக அங்கேதான் இருந்தார். கட்டைப் பிரித்தவர் தலை நிமிரவேயில்லை.

"'ஏம்பா பேப்பர்காரன்கிட்டப் போய்ச் சொன்ன?'ன்னு கேட்டா. அதோட சரி. அப்புறம் எங்கிட்டப் பேசவே இல்ல. வழக்கமா முன்சீட்டுலதான் உக்காருவா. இப்ப பின்னாடி போயிடுறா." குரலை அவர் உயர்த்தவில்லை. "வக்கீலு கேட்டாரு, உங்ககிட்டச் சொன்னேன். நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க."

அவளுக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. திறந்த நீதிமன்றத்தில் சொன்னது ரகசியமில்லை. கையெழுத்தான தீர்ப்பை லேசில் தொட முடியாது. எல்லாமே சரியான பதில்கள்தான். அவற்றை ஒதுக்கிவிட்டு வேறொன்று சொன்னாள்.

"மனுவா எழுதிக் குடுங்க. பாக்கறேன்."

"மனுவுல என்னம்மா எழுதுறது? எத எடுக்கணும்னு சொல்றதுக்கு அதையே மறுபடி எழுதணும். அதையும் ஒருத்தன் படிப்பான்."

அப்போதுதான் வக்கீல் நிமிர்ந்தார். "மேடம், அவர் வாயாலயே கேட்டுட்டாரு. அதையே மனுவா எடுத்துக்கங்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

உத்தரவை மறுநாளுக்கு ஒத்திவைத்தாள். அறைக்குள் வந்து உட்கார்ந்தவளுக்கு எழுந்து விளக்கைப் போடக்கூட உடம்பு வரவில்லை. கதையில் வருகிறவன் புத்தகத்தை விட்டு இறங்கிவந்து கேள்வி கேட்பதில்லை. அவன் படுக்கையறை வரை போய்ப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று பக்கத்தைத் திருப்பிவிடலாம். அந்தப் பழக்கத்தைத்தான் இத்தனை நாளும் மேடை வரை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளோ? அந்தப் பத்தியை அவருக்காகவா எழுதினாள்? தோற்கடித்த கை உறுத்தாமல் இருக்க எழுதினாளா? அன்று வந்த தூக்கம் நினைவுக்கு வந்தபோது கூசியது.

தலைமை நீதிபதிக்கு எப்படியோ விஷயம் போய், தொலைபேசியில் வந்தார். "நான் பாராட்டுன பத்திம்மா அது. அதத் தப்புன்னு நீங்களே எழுதுவீங்களா? உங்க ஃபைல்ல காலத்துக்கும் நிக்கும்."

"நிக்கட்டும் சார்."

"புத்தகத்துலேர்ந்தும் எடுத்துரணுமே."

"எடுத்துருங்க சார்."

சுருக்கெழுத்தரைக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினாள். "ஒரு தந்தையின் துயரம், அவர் மட்டுமே சுமக்க வேண்டிய..." பென்சில் நின்றுவிட்டது.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல மேடம். பன்னெண்டாம் பத்தி ஆரம்பிக்குதோன்னு பயந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளாக வராதது.

"அந்தப் பத்திய டைப் அடிக்கறப்ப எனக்கே கண்ணு கலங்கிருச்சு" என்றார் அவர். "கலங்குனதால நல்லா இருக்குன்னு நினைச்சுட்டேன்."

"நானும் அதத்தான் நினைச்சேன் சார். இப்பச் சொன்னத அடிச்சுப் போட்டுருங்க. மொதல்லேர்ந்து சொல்றேன்."

காரணம் சொல்லாமல் உத்தரவு போட முடியாது. காரணத்தைச் சொன்னால் காயம் மறுபடி திறக்கும். கண்ணாடியைச் சொல்லக் கூடாது. மனைவியைச் சொல்லக் கூடாது. துயரம் என்ற சொல்லே ஆகாது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். எடுக்க எடுக்க, வேறொன்று கண்ணுக்குத் தெரிந்தது. இந்த உத்தரவைக் கடைசி வரை படிக்கப் போகிறவள் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். அவள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

டீ ஆறி ஏடு கட்டும்வரை அடித்துத் திருத்தி, மிஞ்சியது இவ்வளவுதான்:

"குடியிருப்பவரான எதிர்மனுதாரர், கூண்டில் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவர் நீதிமன்றத்திடம் மட்டுமே பேசினார். வேறு யாரிடமும் பேசவில்லை. அதை வெளியே கொண்டுபோனது நீதிமன்றத்தின் எழுத்து. தீர்ப்பின் பதினோராம் பத்தி முடிவுக்குத் தேவையற்றது. அதை எழுதியது இந்த நீதிமன்றத்தின் பிழை. அது நீக்கப்படுகிறது. இனி தரப்படும் எந்த நகலிலும் அது இடம்பெறாது."

சுருக்கெழுத்தர் படித்துப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே மேடம்."

"இருக்கட்டும் சார்."

மறுநாள் மதிய இடைவேளைக்கு முன் அதைப் படித்தாள். டிரைவர் நகலை வாங்கி, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். 'வேறு யாரிடமும் பேசவில்லை' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"அம்மா, இத அவ படிக்கலாமா?"

"படிக்கலாம்."

ஊர் படித்ததை யாரும் இனி அழிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் கும்பிடவில்லை, நன்றியும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவளுக்கு அது சரியாகவே பட்டது.

அறை ஜன்னலில் நின்றால் கீழே வண்டிகள் நிறுத்தும் இடம் தெரியும். பள்ளி அன்று அரை நாள்தான் போல, மஞ்சள் வேன் ஓரமாக நின்றது. பின்சீட்டு ஜன்னல் வழியாக அவர் தாளை நீட்டினார். சின்னக் கை ஒன்று வாங்கிக்கொண்டது. அவர் வெயிலில் நின்றார். வெகுநேரமாகத் தோன்றியது. பிறகு கதவு திறந்தது. சீருடையில் ஒரு பெண் இறங்கி, தாளைப் பிடித்தபடி அவரிடம் ஏதோ கேட்டாள். சரியாகக் காதில் விழவில்லை போல, அவர் குனிந்து காதைக் கொடுத்தார். அவள் மறுபடி கேட்டாள்.

என்ன கேட்டாள் என்று மாடியில் நின்றவளுக்குத் தெரியாது. அதை ஊகித்துப் பார்க்கவும் இல்லை. ஜன்னலை விட்டு வந்து, பிற்பகலுக்கான அடுத்த கட்டைப் பிரித்தாள்.