வேறு நோய்: இல்லை

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்ததில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

தொற்று உச்சத்தில் இருந்த மாதம். அக்காவுக்கு மூச்சுத் திணறல். ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவள். கிட்னியும் பாதிதான் வேலை செய்தது. மருத்துவமனை வாசலில் எங்களுக்கு முன்னால் நின்றவர் படிவத்தில் மூன்று நோய்களை எழுதிக் கொடுத்தார். "காத்திருங்க" என்று ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

"என் நோயெல்லாம் எழுத அதுல இடம் பத்தாதுடா," என்று அக்கா மூச்சு வாங்கியபடியே சிரித்தாள்.

இதயம் என்று மட்டும் எழுதினேன். 'வேறு நோய்' என்ற இடத்தில், 'இல்லை'. அவசர அவசரமாக என் போன் நம்பரையும் எழுதினேன். ஒன்பதாம் படுக்கை கிடைத்தது. உள்ளே நம்மை விடமாட்டார்கள். தினமும் அவர்களே போனில் நிலவரம் சொல்வார்களாம்.

மறுநாள் மாலை 4.10. போன் அடித்தது.

"ஒன்பதாம் படுக்கை நர்ஸ் பேசறேன். அவங்களுக்கு வேற நோய் ஏதாவது இருக்கா, அண்ணா?"

மேல்மூச்சு வாங்கும் குரல். பின்னால் இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம். பீப்... பீப்... அத்தனை பேர் படுத்திருக்கும் வார்டில் வேறு ஒரு சத்தமும் இல்லை.

"இல்லைம்மா." உண்மையைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

அடுத்த நாள். அதே 4.10. பீப்... ... பீப்... இடைவெளி கூடியிருந்தது.

"மறைக்காதீங்க, அண்ணா. மருந்தோட அளவே மாறும்."

"ஒண்ணும் இல்லைம்மா."

அதற்கும் அடுத்த நாள். 4.10.

பீ........ப். அறுபடாத ஒரே சத்தம்.

அதன் மேல் அவள் குரல். இந்த முறை மூச்சே வாங்கவில்லை.

"நானும் 'இல்லை'ன்னுதான் எழுதினேன், அண்ணா."

இணைப்பு அறுந்தது.

ஓடினேன். 4.35. வாசலிலேயே கத்தினேன். "அக்காவுக்குக் கிட்னி கெட்டிருக்கு!"

டாக்டர் வெளியே வந்தார். "முதல்லயே சொல்லக் கூடாதா? ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டோம். கிட்னி கெட்டவங்களுக்கு அதுல பாதிதான் போடணும். ரத்தப் பரிசோதனை முடிவு இப்பத்தான் வந்துது. காலையிலேர்ந்து உள்ளே ரத்தம் கசியுது."

"நர்ஸ் கேட்டாங்க... தினமும்..."

"எந்த நர்ஸ்?"

படிவத்தைக் காட்டினார். என் நம்பரில் கடைசி இலக்கத்தைத் தப்பாக எழுதியிருந்தேன். "மூணு நாளா உங்களைப் பிடிக்கவே முடியலை."

அக்கா அன்று 8.50க்குப் போய்விட்டாள்.

அவளுடைய துணிப்பையைத் தந்த ஆயாவிடம் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டேன். ஆயா பையைக் கீழே வைத்தாள்.

"உங்க அக்காவுக்கு முன்னாடி ஒன்பதுல கிடந்தது எங்க நர்ஸ்தான். இதய நோய்க்காரி. கிட்னியும் கெட்டிருக்குன்னு சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு மறைச்சுட்டா. நீங்க வர்றதுக்கு முந்தின நாள் போயிட்டா."

பையை என் பக்கம் தள்ளினாள்.

"வீடுகளுக்குப் போன் பண்றது அவ வேலை. நாலு பத்துக்கு ஆரம்பிப்பா. வேற நோய் இருக்கான்னு எல்லாரையும் கேட்பா. அவளைத்தான் யாரும் கேட்கலை."