காணாமற்போன மாப்பிள்ளை

இன்று காலை வெள்ளவத்தையில் கல்யாண கார்ட் அடிக்கும் சுகந்தி அக்காவிடமிருந்து போன்.

"தங்கச்சி, உங்கட ஏஐ மாப்பிள்ளையின்ட பேரை அழிச்சுப்போட்டுது! பொம்பிளையும் தாயும் பக்கத்திலயே இருக்கினம்!"

எங்கள் டிசைன் மென்பொருளில் எந்தக் கருவி என்ன செய்யும் என்று ஏஐக்கு விளக்கி எழுதுவதுதான் என் வேலை. பஸ் பிடித்து ஓடினேன்.

"என்னக்கா கேட்டனீங்கள்?"

"பின்னால இருக்கிற பூவைப் பார்க்க, பேரைக் கொஞ்சம் மறை எண்டனான்."

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். மறைக்கும் கருவிக்கும் அழிக்கும் கருவிக்கும் நான் ஒரே விளக்கத்தையே எழுதியிருந்தேன்: "பக்கத்திலிருந்து நீக்கும்."

அக்கா எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டெண்டால் அது பாவம், என்ன செய்யும்?"

அங்கேயே நின்று திருத்தினேன். ஒன்றுக்கு, "கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும். எதுவும் அழியாது. திரும்பக் காட்டலாம்." மற்றதற்கு, "நிரந்தரமாக அழிக்கும். மறைக்கச் சொன்னால் இதைத் தொடாதே."

பெயரைத் திரும்ப அடித்துவிட்டு அக்கா "மறை" என்றார். மறைந்தது.

"காட்டு" என்றார். மாப்பிள்ளை வந்துவிட்டார்!

பொம்பிளையின் தாய் கைதட்டினார். நான் கடைக்குள்ளேயே துள்ளிக் குதித்தேன். வெட்கமே வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று உறைத்தது. "உடுப்பை எடுத்து வையுங்கோ" என்றால் என் கணவர் எடுத்து உட்காரும் கதிரையில் வைப்பார். ஆறு வருடமாக அதற்காகத் திட்டுகிறேன். எங்கே வைப்பது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இதை அவரிடம் ஒத்துக்கொள்ளவா, வேண்டாமா? கலியாணம் கட்டியவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள்.