அம்மா படம் போட்ட தேயிலைப் பெட்டி

அத்தையின் லேப்டாப்பில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ திருட்டு வேலை நடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவின் தங்கையான அத்தை, ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்திலிருந்த எங்கள் வீட்டிலிருந்தே நுவரெலியா அச்சுக்கடை ஒன்றுக்குப் படம் வரையும் வேலைக்குப் போய்வந்தாள்.

திரையில் ஒரு தேயிலைப் பெட்டி, மூலை முன்னால் தெரியும்படி திரும்பி நின்றது. அதன் ஒரு பக்கத்தின் மேல், படமாக, கொழுந்துக் கூடையோடு அம்மா. முகம் ஒடுங்கி, ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

மலையில் படமெடுக்க வரும் சுற்றுலாக்காரர்களையே நம்பாதவர் அப்பா.

வந்து பார்த்துவிட்டு, "இது எந்தக் கடையில விக்கிது?" என்று அத்தையைக் கேட்டார்.

"நெஜப் பெட்டி இல்லண்ணே. பெட்டி எப்புடி இருக்கும்னு தேயிலைக் கடைக்காரருக்குக் காட்ட வரைஞ்சது."

"இல்லாத பெட்டிக்கு நெழல் எப்புடி விழும்?"

அத்தை லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்து போனாள். எங்கள் சந்தேகம் உறுதியாயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றும் அத்தைக்கு வேலை இருந்தது. அவள் கிளம்பிய பிறகு, நாங்கள் மூவரும் அடுத்த பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனோம். தேயிலைக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். அம்மா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். எங்களைவிடக் கவனமாகத் தேடியவளும் அவள்தான். கீழ்த்தட்டுப் பெட்டிகளைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அச்சுக்கடைக்கே போய் நின்றோம். அத்தை எங்களைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு பெட்டியைத் திரையில் திறந்து, அதன் மேலிருந்த அம்மாவை உருவி எடுத்தாள். வெறும் பெட்டி நின்றது. வெளியே வந்த அம்மா நேராக, தட்டையாக, வழக்கமான முகத்தோடு இருந்தாள். அத்தை படத்தை அகலத்தில் ஒடுக்கி, ஓரத்தைப் பிடித்து மேலே தள்ளினாள். படம் சரிந்து பெட்டியின் விளிம்போடு போய்ப் பொருந்தியது.

"பெட்டி திரும்பி நிக்குதில்ல, படமும் அதோட சரியணும். இல்லாட்டி தனியாத் தெரியும்ண்ணே. நெழலும் நாந்தான் போட்டேன்."

அப்பா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இது எங்கயும் விக்காதா?" என்று அம்மா கேட்டாள்.

"விக்காது மதினி. கடைக்காரருக்குப் பொம்பளப் படம் வேணாமாம். யானை போடச் சொல்லிட்டாரு."

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அத்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தின்ன ரோல்ஸ் வாங்கித் தந்தார். திரும்பும்போது பஸ்ஸில், "நல்ல வேள, எங்கயும் இல்ல" என்று இரண்டு முறை சொன்னார்.

அம்மாவோ பஸ் கிளம்பும்வரை எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த தேயிலைப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் இல்லை என்று தெரிந்துவிட்டதே, இன்னும் எதைத் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.