மைதானத்துக்குள் போன ஓடெஸ்ஸா

மிசிசிப்பியில் ஒரு கல்லூரி மைதானத்துக்கு எதிரே ஓடெஸ்ஸா புரூயிட் கடை வைத்திருந்தாள். புகையில் வாட்டிய பன்றியிறைச்சிக்குப் பேர்போன கடை. கால்பந்தாட்டம் நடக்கும் சில சனிக்கிழமைகள்தான் அவளுக்கு ஆண்டு முழுவதும் சோறு போட்டன.

"மைதானத்தைப் புதுப்பிச்சா ஊரே செழிக்கும்" என்றார் மேயர். ஓடெஸ்ஸாவும் கை தட்டினாள். வேலை தொடங்கியதும் தெருவை அடைத்தார்கள். கடைக்குப் பாதி ஆட்கள் வரவில்லை. பொறுத்துக்கொண்டாள். மைதானம் திறந்த பிறகோ, குறைந்த கட்டணப் பெஞ்சுகள் இருந்த மாடியில் பணக்காரர்களுக்கான கண்ணாடி அறைகள். வந்தவர்கள் காரோடு உள்ளே போய், உள்ளேயே தின்று, காரோடு வெளியேறினார்கள். தெரு வெறிச்சோடியது.

அப்போதுதான் மைதானத்தில் உணவு விற்கும் நிறுவனத்திலிருந்து டிரென்ட் வந்தான்.

"உங்க இறைச்சிய உள்ளயே விப்போம், மிஸ் ஓடெஸ்ஸா. பலகையில உங்க கடைப் பேருதான். ஆனா ஆட்டத்தன்னிக்கு வெளிக்கடை மூடியிருக்கணும்."

வேறு வழியில்லை. ஒப்புக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு லூஷியஸ், பெஞ்சு போனதிலிருந்து தன் வண்டியில் உட்கார்ந்து ரேடியோவில் ஆட்டம் கேட்பவர், விடவில்லை.

"கண்ணாடி மாடிக்குப் போயிட்ட. இனி எங்கள எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?"

"நீ வேற. அங்க ஜன்னலக் கூடத் திறக்க முடியாதுய்யா!"

உள்ளே விறகுக்கு அனுமதி இல்லை. மின் அடுப்பில் வெந்த இறைச்சி. புகை வாசத்துக்குப் புட்டியிலிருந்து சில சொட்டு. ஒருநாள், பரிமாறிக்கொண்டிருந்த அவளிடமே ஒரு பெரியவர் சொன்னார்:

"எதுத்தாப்ல இதே பேருல ஒரு அம்மா கடை வச்சிருந்தாங்க. அந்த ருசி இதுல இல்லம்மா. பாவம், செத்துப்போயிட்டாங்க போல."

"உயிரோடதான் இருக்காங்க, சார்."

"அப்படியா! கடை திறந்திருக்குமா?"

"இன்னிக்கு இருக்காது."

கரண்டியை வைத்துவிட்டு நேரே டிரென்டிடம் போனாள். "நான் வெளிய போறேன்ப்பா."

"தாராளமா. ஆனா இந்தக் கடைப் பேரு இனி எங்களோடது. உங்க கடைக்கு வேற பேரு வச்சுக்கணும்."

"அது என் புருஷன் வச்ச பேரு!"

"ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டீங்களே, மிஸ் ஓடெஸ்ஸா."

வேறு பேரில் ஒரு கடை, ஆளில்லாத தெருவில்! யார் வருவார்கள்?

வெளியே கூட்டம் ஆர்ப்பரித்தது. கண்ணாடி வழியே அது முணுமுணுப்பாகத்தான் கேட்டது. அந்தப் பெரியவர் இன்னொரு தட்டு கேட்டிருந்தார். ஓடெஸ்ஸா திரும்பிப் போய்க் கரண்டியை எடுத்தாள்.

அடுத்த பருவத்துக்கும் கையெழுத்துப் போட்டாள்.